வாசலில் முழங்கியவன்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்கு இந்த ஓரம் போதும். போலீஸ் எந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தி என்னை இறக்குமோ என்று முப்பது வருஷமாக வழிப்பக்கமே உட்கார்ந்து பழகிவிட்டேன். ஒரே ஒரு தடவைதான் இறக்கினார்கள். அதுவும் வேறு யாரையோ தேடி வந்தவர்கள். என் பெயரைக் கேட்டதும் மறுபடி ஏற்றிவிட்டார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை.

பேச்சைக் கேட்டால் ஊரிலிருந்து வந்தவர் மாதிரி இருக்கிறது. ஆமாம், இங்கே மலேசியாவில் நாங்கள் தமிழ்நாட்டை ‘ஊர்’ என்றுதான் சொல்வோம். நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் ஊர். புடவை வியாபாரமா? கிள்ளானில் நன்றாகப் போகும். நானும் கிள்ளானுக்குத்தான். என் வீட்டுக்காரி தனக்கோடி அங்கே பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். அவளைத் திரும்பக் கூட்டிவரப் போகிறேன். கோபித்துக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வருவாளா மாட்டாளா என்பது இன்று சாயங்காலம் தெரிந்துவிடும்.

வராவிட்டால் என் பாடு சிரமம்தான். ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீடு, வரிசை வீட்டில் ஒன்று, அவள் அங்கே பார்த்த வேலைக்காகக் கொடுத்த வீடு. என்னை எப்போதோ வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வேலை அவளுக்கு, வீடு அவளுக்கு, விளக்கும் தண்ணீரும் அவளுக்கு. நான் அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு முதலாளித்துவத்தை எதிர்த்து வந்தேன். அவள் போன மறுவாரம் முதலாளித்துவம் என் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டது. இப்போது தோழர் அந்தோணியின் மளிகைக் கடைக்குப் பின்னால், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கை.

சிரிக்கலாம் தம்பி. எல்லோரும் சிரிக்கிறார்கள், நீங்கள் காசு கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

என் பெயர் அய்யாக்கண்ணு. நோட்டீஸ் அய்யாக்கண்ணு என்றால் எங்கள் பக்கத்து ஏழெட்டுத் தோட்டத்திலும் தெரியும். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரத்தில். எட்டுப் பக்கத்துக்கு மேல் எந்த விஷயமும் எனக்குத் தெரியாது. பிரெஞ்சுப் புரட்சி எட்டுப் பக்கம், அதில் கடைசிப் பக்கம் விலை விவரம். ‘தொடர்ச்சி அடுத்த வெளியீட்டில்’ என்று போட்டிருந்தான். அடுத்த வெளியீடு எங்கள் பக்கம் வரவேயில்லை. அந்தப் புரட்சி எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதைப் பற்றி நாலு மணி நேரம் மேடையில் பேசியிருக்கிறேன்.

‘தோட்டத் தொழிலாளர் விழிப்புக் குழு’ என்று ஒன்று வைத்திருந்தேன். தலைவர் நான். செயலாளர் அந்தோணி. உறுப்பினர்கள், நாங்கள் இரண்டு பேரும். தண்ணீர்க் குழாய்க்காகப் போராடினேன், குழாய் வரவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகைக்குக் கூரை போடச் சொல்லிப் போராடினேன், கொட்டகையையே பிரித்துவிட்டார்கள். ஒருமுறை நோட்டீஸில் ஒரு பெரிய மனிதர் பெயரை எழுதி வழக்கு வந்தது, அபராதம் தனக்கோடி கட்டினாள். அதற்குப் பிறகு என் நோட்டீஸில் யார் பெயரும் வராது, என் பெயரைத் தவிர.

அவள் ஏன் போனாள் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு தீர்ப்பால் போனாள். அதுவும் எங்களுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் தோட்டத்தில் பவுனு என்று ஒரு பெண். புருஷன் செத்துப்போனவன், ஒரு பெண் குழந்தை. பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவள். விடிவதற்கு முன்னாலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்காட்டுக்குள் போய்விடுவார்கள், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். ஆளுக்கு ஒரு பகுதி. பக்கத்து ஆள் இருப்பது விளக்கு வெளிச்சத்தில் புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். அவர்களுக்கு மேல் தண்டல். உங்கள் ஊர் மேஸ்திரி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தில் பட்டையைத்தான் சீவ வேண்டும். உளி ஆழமாக இறங்கி உள்மரத்தில் பட்டால் அது காயம். காயப்பட்ட மரம் கெட்டுப்போகும். அதைப் பிடிப்பதுதான் தண்டல் வேலை. தண்டலின் விளக்கு தூரத்தில் தெரிந்துவிட்டால் வெட்டுகிறவர்கள் காயத்தில் மண்ணைப் பூசி மறைத்துவிடுவார்கள். அதனால் தண்டல்கள் விளக்கை அணைத்துக்கொண்டு, சத்தம் இல்லாமல், முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். எல்லாத் தோட்டத்திலும் இது வழக்கம்தான்.

சடையப்பன் தண்டலும் அப்படித்தான் வந்தான். பவுனு திரும்பி உளியை வீசினாள். கழுத்தில் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான்.

வாயைப் பொத்திப் பின்னால் இழுத்தான், உயிருக்குப் பயந்து வீசினேன் என்றாள் பவுனு. தற்காப்பு. தோளைத் தொட்டுக் கூப்பிட்டிருப்பான், அதற்கா கழுத்தை வெட்டுவாள் என்றான் செத்தவன் தம்பி மருதை. காயம் போட்டாள் என்று முந்தின வாரம்தான் தண்டல் அவளை இரண்டு நாள் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தான், அந்த வன்மம் என்றது சர்க்கார் தரப்பு. பார்த்தவர் யாரும் இல்லை. கடைசியில் வழக்கே ஒரே கேள்வியில் வந்து நின்றது. விளக்கை அணைத்துக்கொண்டு அவன் வந்தது வேலைக்கா, வேறெதற்கா?

இந்த நாட்டில் தூக்குக்குப் போகிற வழக்கு என்றால் ஏழு ஜூரிகள் உட்காருவார்கள். உங்கள் ஊரில் எடுத்துவிட்டார்களாமே, பிரசுரத்தில் படித்தேன். ஏழு பேரும் டவுன்காரர்கள். பேங்க் குமாஸ்தா, பள்ளிக்கூடத்து ஆசிரியர், சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு சீனர், இப்படி. பால்மரத்தைக் காரில் போகும்போது பார்த்தவர்கள். இவர்கள் கையில் ஒரு கூலிக்காரியின் கழுத்து. எனக்கு இரத்தம் கொதித்தது. தம்பி, நான் கொதிப்பதற்குக் காத்துக்கொண்டிருப்பவன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தத் தடவை நிஜமாகவே கொதித்தது.

வழக்கு நடந்த அத்தனை நாளும் கோர்ட்டு வாசலில் நின்றேன். கையில் ஒலிபெருக்கி. மதியம் வரைக்கும் கத்திக்கொள் என்று இன்ஸ்பெக்டர் அனுமதி கொடுத்திருந்தார். நல்ல மனிதர், தினமும் ஒரு கோப்பி வாங்கிக் கொடுப்பார்.

என் வீட்டுக்காரியும் சாட்சி சொன்னாள். ஆமாம், தனக்கோடிதான். அவளுடைய வெட்டுக்காடு பவுனு பகுதிக்குப் பக்கம். பவுனுவின் வக்கீல் வீட்டுக்கு வந்து அவளிடம் ரொம்ப நேரம் பேசினார். நான் அப்போது வெளியே தட்டிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் கூண்டில் ஏறின அன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், வழக்கத்தைவிடக் கூட்டம், எனக்குக் குரலும் நன்றாக எழும்பியது. “உழைக்கும் பெண்ணே தலை நிமிர்! உன் வாயை யார் அடைத்தது, திற!” என்று நானே இட்டுக் கட்டிய முழக்கம். ஜன்னல் வழியாக உள்ளே கேட்டிருக்கும். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்றுதான்.

நடுவில் அந்தோணி வெளியே வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. என்னைப் பார்க்கவில்லை, ஒலிபெருக்கியைப் பார்த்துப் பேசினான்.

“தோழர், கொஞ்சம் நிறுத்துங்களேன்.”

“என்ன தோழர், உள்ளே மோசமா?”

“அண்ணி பேசிக்கிட்டு இருக்காங்க. சரியா கேக்க மாட்டேங்குது. கொஞ்சம் நிறுத்துங்க.”

அண்ணி! செயலாளர் பேசுகிற பேச்சா இது? சாட்சி என்று சொல்ல வேண்டும். “போராட்டத்துக்கு நிறுத்தம் கிடையாது” என்று சொல்லிவிட்டு இன்னும் உரக்க முழங்கினேன். அவன் உள்ளே போய்விட்டான். ஜன்னலைச் சாத்தினார்கள். அதற்குக்கூட ஒரு முழக்கம் போட்டேன்.

மதியம் எல்லோரும் வெளியே வந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் தனக்கோடியைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள், ஒருத்தி தன் முந்தானையை எடுத்து அவள் தோளில் போட்டிருந்தாள். வெயில் கடுமை. மருதை என்னைக் கடந்து போகும்போது நின்று ஒரு முறை பார்த்தான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். வர்க்க எதிரிக்கு என்மேல் இவ்வளவு ஆத்திரம் வந்ததே, நம் முழக்கம் உறைத்திருக்கிறது என்று அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

தனக்கோடி சாப்பிடவில்லை. “எப்படி இருந்தது என் குரல்? உள்ளே கேட்டதா?” என்றேன்.

“கேட்டுச்சு” என்றாள்.

தீர்ப்புக்கு நாள் குறித்தார்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள். இங்கேதான் என் தலையெழுத்து. எனக்கு நோட்டீஸ் அடிக்கிற ஆ லோங் அச்சகம் அந்த வாரம் முழுக்க லீவு. தீர்ப்பு வந்த பிறகு அடிக்க முடியாது. முன்னாலேயே அடித்து வைக்க வேண்டும். “ரெண்டு மாதிரி அடிச்சி வச்சிக்கலாமா தோழர்?” என்று கேட்டான் அந்தோணி. “விடுதலை ஆனா ஒண்ணு, இல்லேன்னா ஒண்ணு.”

நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். முப்பது வருஷத்தில் நாம் எதிலாவது ஜெயித்திருக்கிறோமா? தோற்பதற்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஜெயித்தால் என்ன எழுதுவது? உட்கார்ந்து பார்த்தேன் தம்பி, ஒரு வரி வரவில்லை. ‘மகிழ்ச்சி’ என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. தோல்விக்கே இரண்டாயிரம் அடித்துவிட்டோம். சுற்றிலும் கறுப்புக் கட்டம். ‘இந்தத் தீர்ப்பை ஏற்கமாட்டோம்! ஏழை வீட்டு இரத்தம் தண்ணீரா? ஏழு பேருக்கு இதயம் இல்லையா? வீதிக்கு வா, கணக்குக் கேள்!’ பெயர் எதுவும் இல்லை. கீழே மட்டும் கொட்டை எழுத்தில் என் பெயர்.

அந்தோணியிடம் நோட்டீஸ் கட்டைக் கொடுத்து வாசலில் நிறுத்தினேன். உள்ளே கூட்டம் நிரம்பிவிட்டது. எனக்கு இடமில்லை, அவனுக்கும் இடமில்லை. “அழுகைச் சத்தம் கேட்டதும் கட்டைப் பிரித்து வீசு” என்று உத்தரவு. அழுகைச் சத்தம் கேட்டது. வீசினான்.

அழுதது சடையப்பனின் அம்மா.

ஐந்துக்கு இரண்டு. ஐந்து பேர் குற்றவாளி இல்லை என்றார்கள், இரண்டு பேர் குற்றவாளி என்றார்கள். பவுனு விடுதலை. தம்பி, என் வாழ்நாளில் நான் ஜெயித்த ஒரே நாளில், இரண்டாயிரம் நோட்டீஸ் காற்றில் பறந்து, இந்தத் தீர்ப்பை ஏற்கமாட்டோம் என்று என் பெயரில் ஊருக்குச் சொல்லிவிட்டது. மருதை ஒன்றைப் பிடித்துப் படித்தான். படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“யோவ், உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்யா. எங்க அண்ணன் ரத்தம் தண்ணியான்னு கேட்டே பாரு!” என்றான். அவன் கண்ணில் தண்ணீர்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கமே இரண்டாகப் பிளந்தது. கோப்பிக் கடையில் விடுதலைக்காரர்கள் ஒரு பக்கம், தூக்குக்காரர்கள் ஒரு பக்கம். பேப்பரில் வாசகர் கடிதம் தினமும். விளக்கை அணைத்தது ஏன் என்று ஒருவர், கையில் ஒரு வெட்டு போதாதா, கழுத்திலா வெட்ட வேண்டும் என்று ஒருவர். முடிவெட்டுகிற ராமண்ணன் பாதித் தலையில் கத்திரிக்கோலை வைத்துவிட்டு வாதம் பண்ணினான், ஆள் பாதி முடியோடு எழுந்து போனான். அந்த இரண்டு பேர் யார் என்பதுதான் பெரிய ஆராய்ச்சி. ஜூரியில் இருந்த சைக்கிள் கடைச் சீனர் விடுதலைக்கு ஓட்டுப் போட்டவர் என்று யாரோ சொல்ல, எங்கள் ஆட்கள் எல்லோரும் அவரிடமே டியூப் மாற்றினார்கள். இல்லை, அவர்தான் அந்த இரண்டில் ஒருவர் என்று மறுவாரம் செய்தி. மருதையின் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. அந்தத் தீர்ப்பில் நல்ல வியாபாரம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

மருதை கும்பல் என் நோட்டீஸைப் பொறுக்கி எடுத்துத் தோட்டம் முழுக்க ஒட்டியது. கோயில் சுவர், ஆபீஸ் சுவர், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களம். பவுனு வீட்டுக் கதவில் மூன்று. நான் கிழித்துக்கொண்டே போனேன், அவர்கள் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். என் பசையே எப்போதும் நல்ல பசை, லேசில் உரியாது. அந்தப் பக்குவத்தை மருதைக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான், குழாய்ப் போராட்டத்தின்போது.

ஒரு நாள் சாயங்காலம் பவுனு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. கதவுப் பக்கமே நின்றாள்.

“அண்ணே, மானேஜர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. ஒரு மாசம் தோட்டத்துல சத்தம் இல்லாம இருந்தா மறுபடி வேலை போட்டுக் கொடுப்பாராம். வீடும் இருக்குமாம்.”

“நல்லது தங்கச்சி. கோரிக்கையாக வைக்கலாம்.”

“கோரிக்கை எல்லாம் வேணாம்ணே. நீங்க சும்மா இருந்தா போதும்.”

“நோட்டீஸ் தவறாகப் போய்விட்டது. அதை நான் திருத்த வேண்டும் இல்லையா? ஒரு வெற்றிக் கூட்டம்...”

“கெஞ்சிக் கேக்கறேன்ணே. எனக்கு வெற்றி எல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு ஆளு செத்திருக்கான். புள்ளய வச்சிக்கிட்டு ஒரு மூலையில கெடந்துக்கறேன். சும்மா இருங்க.”

அவள் போன பிறகு தனக்கோடியும் அதையே சொன்னாள். “அவ சொல்றதக் கேளுங்க. ஒரே ஒரு மாசம் வாய மூடிக்கிட்டு இருங்க.”

நான் கேட்கிறேன் தம்பி, நீங்கள் வியாபாரி, உங்களிடம் ஒரு மாதம் கடையை மூடு என்றால் மூடுவீர்களா? முப்பது வருஷத்தில் முதல் வெற்றி. அதுவும் எதிரி கையில் என் பெயரோடு சுவரில் ஒட்டிக் கிடக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் வரலாறு என்ன சொல்லும்? வரலாறு எட்டுப் பக்கம்தான், எனக்குத் தெரியும். அதில் அரைப் பக்கமாவது எனக்கு வேண்டாமா?

திடலில் கூட்டம் போட்டேன். பந்தல், மைக்கு, முப்பது நாற்காலி. பவுனுவுக்குப் போட ஒரு மாலை. அவள் வரவில்லை. மாலையை மைக்குக்கே போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தேன். ஜூரிகளின் இதயத்தை எது திறந்தது? நம் முழக்கம்! கோர்ட்டுச் சுவரைத் துளைத்தது எது? நம் குரல்! நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் கடைசியில் தனக்கோடி நிற்பதைப் பார்த்தேன். கூட்டத்துக்கு வராதே என்று சண்டை போட்டவள், வந்திருக்கிறாள். எனக்கு உற்சாகம் பொங்கியது.

அப்போது மருதை எழுந்தான். அவனும் அவன் ஆட்களும் பத்துப் பதினைந்து பேர் ஓரத்தில் நின்றிருந்தார்கள்.

“யோவ் அய்யாக்கண்ணு! உன் முழக்கத்தாலயா அவ வெளிய வந்தா? உன் பொண்டாட்டி உள்ள என்ன சொன்னாளோ அதாலதான்யா வெளிய வந்தா! என்ன சொன்னான்னு மைக்குல சொல்லேன், எல்லாரும் கேக்கட்டும்!”

திடல் அப்படியே அடங்கிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் பேச்சாளன் தடுமாறக் கூடாது. நான் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “சொல்கிறேன்! என் துணைவி உழைக்கும் வர்க்கத்தின் சார்பில் உண்மையைச் சொன்னாள்! அதில் மறைக்க என்ன இருக்கிறது? இந்தத் தோட்டத்துத் தண்டல்கள் எப்படி வருவார்கள், என்ன செய்வார்கள் என்று தன் அனுபவத்தைச் சொன்னாள்!” என்று முழங்கினேன்.

கைதட்டல் வரும் என்று நிறுத்தினேன். வரவில்லை. அந்தோணி மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து போய் மருதை முகத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு நாற்காலி. அதற்குப் பிறகு போலீஸ். மைக்குக்காரனுக்கு என்னால் இன்னும் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மானேஜர் பவுனுவைக் கூப்பிட்டு, ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிட்டார். அவள் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுப் போனாளா தெரியுமா? கிடையாது. ஜெயிலிலிருந்து வந்தவளை வரவேற்கக் கூட்டம் போட்டவன் நான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்தான்.

தனக்கோடி அவளோடு மூட்டை கட்டினாள். “நீ எதற்குப் போகிறாய்? உன் வேலையை யாரும் எடுக்கவில்லையே” என்றேன்.

அவள் புடவைகளை மடித்துக்கொண்டே கேட்டாள். “நான் உள்ள என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தண்டல் விளக்கை அணைத்துக்கொண்டு வருவான் என்று சொன்னாய்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, மரம், காயம், பட்டை. தொழில் விஷயம்தானே.”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள் தம்பி. கோபமாகப் பார்த்திருந்தால் பதில் வைத்திருந்தேன். சிரிப்புக்கு என்னிடம் பிரசுரம் இல்லை. “அத்தனை பேரு கேட்டாங்க. ஏழு ஜூரிங்க, ஜட்ஜு, அந்தோணி, இந்த லயத்துப் பொம்பளைங்க எல்லாரும். நீங்க ஒரு ஆளுதான் கேக்கல” என்றாள். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது ஏன் போகிறேன் என்றால், போன வாரம் அந்தோணி கிள்ளான் போய்விட்டு வந்தான். அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வந்து ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லு, கேட்டா நான் திரும்பி வர்றேன், இல்லேன்னா வந்த பஸ்லயே போகச் சொல்லு என்று. என்ன கேள்வி என்று சொல்லவில்லை. அந்தோணியிடம் கேட்டேன். “உங்களுக்குத் தெரியும் தோழர்” என்று சொல்லிவிட்டுப் பருப்பு நிறுக்கப் போய்விட்டான்.

வாரம் முழுக்க யோசித்து நிறையக் கேள்விகள் தயார் செய்திருக்கிறேன். என்மேல் உனக்கு என்ன குறை? அந்தக் கூட்டம் போட்டது தப்பா? பிஸ்கட் ஃபேக்டரியில் உரிமைகள் எல்லாம் ஒழுங்காகக் கொடுக்கிறானா? உன் உடம்பு எப்படி இருக்கிறது? இதில் ஏதாவது ஒன்று பொருந்தாமலா போகும்?

என்ன சொன்னீர்கள்?

இல்லை, காதில் விழுந்தது. பஸ் சத்தம்தான், ஆனால் விழுந்தது. உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று கேட்க வேண்டும் என்கிறீர்கள். அதுதான் அந்தக் கேள்வி என்கிறீர்கள்.

ஊரிலிருந்து நேற்று வந்தவர் நீங்கள். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

நான் யாரிடமும் கேட்டதில்லை தம்பி. அந்தோணியிடம் கேட்டிருக்கலாம். மருதை கேட்காமலேயே சொல்லியிருப்பான். பழைய பேப்பரைப் புரட்டியிருக்கலாம், அந்த ஒரு நாள் பேப்பரை மட்டும் நான் வாங்கவில்லை. சடையப்பன் பன்னிரண்டு வருஷம் தண்டலாக இருந்தான். அவள் பன்னிரண்டு வருஷமும் அவனுக்குக் கீழே, அவனுடைய நிரையில் வெட்டினாள். நான் அந்த நேரத்தில் எல்லாம் வீட்டில் படுத்துக்கொண்டு ரஷ்யாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சில நாள் அவள் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பாள். என்னடி என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒன்றுமில்லை என்றுதான் நானும் எடுத்துக்கொள்வேன்.

இதோ, மணிக்கூண்டு தெரிகிறது. உங்கள் மூட்டைகளை நான் பிடித்துத் தருகிறேன், நீங்கள் முன்னால் இறங்குங்கள். எனக்கு அவசரம் இல்லை. ஃபேக்டரி விட இன்னும் நேரம் இருக்கிறது. அவளுக்குப் பொய் சொல்ல வராது தம்பி, கோர்ட்டிலேயே பார்த்திருப்பார்கள். நான் கேட்டேன் என்றால் சொல்லிவிடுவாள்.